அப்புத்தளைக்கு நாங்களும் எங்கள் ரைகரும்

நாய் வளர்க்கும் குடும்பத்தினர் விடுமுறைக்கு வெளியூர் செல்ல எண்ணும்போது, எவ்வூருக்குச் செல்வது என்ற வினாவுக்கு முன்னரே, நாயை யாரிடம் விட்டுச் செல்வது என்ற வினா வந்து வழிமறித்து நிற்கும். பூனையானால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். கோழிகளுக்கு அயல்வீட்டார் ஒருபிடி அரிசி எறிந்தாற் போதும். வீட்டார் இல்லாத வீட்டில் நாய் உண்ண மறுக்கும். படலையடியிற் கிடந்து ஒழுங்கையின் இரு புறத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். இதனை நினைந்து பிரயாணத்தையே கைவிட்டவர்கள் பலரை நான் அறிவேன்.

எங்கள் நாயின் பெயர் ரைகர். பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மழைநாளொன்றில் கடைவாசலில் நனைந்து நின்ற குட்டியை என் மகள் மடியிற் கட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதாகிய ஊர்நாய், மண்ணிறம், இடது காதில் ஒரு கிழிசல். தபாற்காரரைத் தவிர வேறெவரையும் அது பகைத்ததில்லை. அச்சமென்று அது அறிந்ததெல்லாம் சீனவெடி ஒன்றையே. 2023ஆம் ஆண்டுச் சித்திரைப் பிறப்பன்று எங்கள் தெகிவளை ஒழுங்கையிற் கொளுத்தப்பட்ட வெடிக்கட்டொன்றின் ஓசை கேட்டு, ஆளுயர மதிலைத் தாண்டி ஓடிய ரைகரை மூன்றாம் நாள் மாலையில் கடற்கரையிற் கவிழ்த்து வைத்திருந்த தோணியொன்றின் கீழே கண்டெடுத்தோம். அம்மூன்று நாட்களும் என் மகள் ஒருவாய்ச் சோறு உண்ணவில்லை.

ஆதலால், 2024ஆம் ஆண்டின் குரோதி வருடப் பிறப்பு நெருங்கியபோது, பட்டணத்து வெடியோசைக்கு எட்டாத ஓரிடத்துக்கு ரைகரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதென முடிவாயிற்று. அப்புத்தளையைத் தேர்ந்தது என் மனைவி. அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கும் போய்வரலாம் என்பது பள்ளிப் புத்தகத்தில் உலக முடிவின் படத்தைக் கண்டிருந்த மகனின் ஆசை.

தங்குமிடம் தேடுவதே பெரும்பாடாயிற்று. மூன்று விடுதியினர், குழந்தைகள் எத்தனை பேராயினும் வரலாம், நாய் ஆகாது என்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. நாயின் உரோமம் படிந்த மெத்தையில் அடுத்தநாள் வருபவர் படுக்க வேண்டுமே. நான்காவதாக அகப்பட்டது தம்பேத்தன்னை செல்லும் வீதியில், நகரத்துக்குச் சற்று வெளியே, தேயிலைச் செடிகளின் ஓரமாக நின்ற பழைய வீடொன்று. அதன் உரிமையாளர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். நாய் கட்டிலில் ஏறலாகாது; இரவில் அதை வெளியே கட்டலாகாது. முதலாவதன் காரணம் விளங்கிற்று. இரண்டாவதன் காரணத்தை அங்கே சென்றபின் அறிந்தோம்.

புறப்படுமுன் மிருக வைத்தியரிடம் சென்று, விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்து, உண்ணிக்கு மருந்தும் போட்டுக்கொண்டோம். மலைநாட்டுப் புல்லில் உண்ணியும் அட்டையும் நிறைய உண்டு. அட்டை கடித்தால் இரத்தம் போவதோடு சரி. உண்ணியோ நாய்க்குக் காய்ச்சலைக் கொடுத்து உயிருக்கே உலை வைக்கவும் கூடும். புறப்படும் நாளிற் காலை உணவு கொடுக்க வேண்டாமென வைத்தியர் கூறியது பொன்னான புத்திமதி. வளைவு நிறைந்த பாதையில் வயிறு நிறைந்த நாயை ஏற்றிச் செல்வோர் பின்னர் வருந்துவர். அது நாள்தோறும் படுக்கும் பழைய சாக்கையும் உடன் எடுத்துக்கொண்டோம். புது இடத்தில் தன் மணமுள்ள பொருளொன்று கிடந்தால் நாய் அவ்விடத்தைத் தனதென்று எண்ணி அமைதியடையும்.

தடையாயிருந்தவர் என் மாமியார் ஒருவரே. யாழ்ப்பாணத்தில் நாயை விறாந்தைக்கு இப்பால் வரவிடாத வீட்டிலே பிறந்து வளர்ந்தவர் அவர். “நாயோடை ஒரே வாகனத்திலையோ? தம்பி, நான் வீட்டிலையே நிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ” என்றார். இறுதியில் அவருக்கு முன்னாசனமும் ரைகருக்குப் பின்னாசனத்துக்குக் கீழேயுள்ள இடமும் ஒதுக்கப்பட்டபின் சம்மதித்தார்.

ஏப்ரல் 12ஆந் திகதி அதிகாலை நான்கு மணிக்கு எங்கள் வான் புறப்பட்டது. அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று செல்லும் இப்பாதை நுவரெலியா வழியைவிடச் சுற்றுக் குறைந்தது. இரத்தினபுரி வரை ரைகர் நடுங்கிக்கொண்டிருந்தது, பின்பு உறங்கிற்று. பெலிஹுல் ஓயாவில் இறங்கி, கழுத்துப்பட்டியிற் கயிற்றைக் கட்டி, ஆற்றோரம் அழைத்துச் சென்றோம். மலையுச்சியிலிருந்து இறங்கிவரும் அந்நீரின் குளிர் பட்டணத்து நாய்க்குப் புதிது. ஒருதரம் நக்கிவிட்டுத் தலையை உதறிப் பின்வாங்கிற்று. எங்கள் முகங்களைப் பார்த்தது. மறுபடி சென்று வயிறுமுட்டக் குடித்தது.

அதற்கப்பால் ஏற்றம். ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியை அடைந்தால் நேரே செல்லும் வீதி கொஸ்லந்தைக்கும் வெல்லவாயாவுக்கும் போகிறது. இடதுபுறம் திரும்பி ஏறுவது அப்புத்தளைக்கு. நேரே சென்றால் 220 மீற்றர் உயரமுடைய தியலுமை நீர்வீழ்ச்சியைக் காணலாம். ஆயினும் அவ்வழிப் பலகையைக் கண்டதும் என் மனைவி அருவியை நினைக்கவில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து, லயங்களோடு மக்களையும் மூடிவிட்ட மீரியபெத்தை அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. சிறிது நேரம் வானில் எவரும் பேசவில்லை.

அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1430 மீற்றர் உயரத்திலுள்ள சிற்றூர். மலைமுதுகின் மேல் ஒரு சேணத்தைப் போட்டாற்போல அது அமைந்திருக்கிறது. கடைவீதியின் ஒரு முனையில் நின்றால் வடக்கே ஊவாவின் மேட்டுநிலம் படிப்படியாக விரிகிறது. திரும்பிச் சில நூறடி நடந்தால் வீதி வானத்தில் முடிவதுபோலத் தோன்றி, தெற்கே நிலம் ஒரே வீழ்ச்சியாய்த் தாழ்ந்துபோய், நீலப் புகைக்குள் மறைகிறது. இடையிலே புகையிரதப் பாதை. 1893இல் இங்கே வந்தெட்டிய அது, அடுத்த ஆண்டு பண்டாரவளையை அடைந்து, பதுளைக்குப் போய்ச்சேர 1924 வரை காத்திருந்தது. கடைகளில் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கின்றன. ஒரு கடையிற் கரட், லீக்ஸ். அடுத்த கடையிற் கம்பளிக் குல்லாய். அதற்கடுத்த கடையிற் சுடச்சுட வடை.

இவ்வூரின் உண்மையான அதிபதி காற்று. பிற்பகலிலே தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து, சுவரேறிக் குதிக்கும் பையனைப்போல வீதிக்குள் குதிக்கிறது. கண்ணெதிரே நின்ற கடை மறைகிறது. கடைக்காரரின் குரல் மட்டும் கேட்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் தெளிந்துவிடுகிறது. மனிதருக்கு இது கண்காட்சி. ரைகருக்கோ மூக்குக்கு விருந்து. அது வீதியின் நடுவே நின்று, மூக்கை உயர்த்தி, கீழேயிருந்து காற்றுக் கொண்டுவந்த எதையெல்லாமோ முகர்ந்துகொண்டு நின்றது. நாயோடு செல்பவர் விரைந்து நடக்க முடியாது. அது நிற்குமிடமெல்லாம் தாமும் நிற்கவேண்டும். அவ்வாறு நின்றதனாலேயே வடைக்கடைக்காரர், தையற்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆசிரியை ஆகியோருடன் நாங்கள் பேச நேர்ந்தது. நாயின்றி வந்த ஏனைய பிரயாணிகள் படமெடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

விடுதியில் எங்களுக்குச் சமைத்துத் தந்தவர் அறுபது வயதைக் கடந்த தோட்டத்து அம்மையார் ஒருவர். இளமை முழுவதும் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். ரைகரைக் கண்டதும் பெயரைக் கேட்டார். மகள் கூறினாள்; அதன் பொருளையும் சொன்னாள். அம்மையார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தளும்பிற்று.

“புலின்னா பேரு வச்சிருக்கீங்க? பாப்பா, ராத்திரி மட்டும் இவன வெளிய விட்றாதீங்க. நெசப் புலி வந்து தூக்கிட்டுப் போயிரும்.”

அவர் புலி என்றது சிறுத்தையை. வரிப்புலி இலங்கைக் காடுகளில் இல்லை. மலைநாட்டுச் சிறுத்தைகள் காட்டுத் துண்டொன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது தேயிலைத் தோட்டங்களினூடாகவே இரவில் நடந்து போகின்றன. மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும். லயத்து வாசலிற் கட்டிய நாயோ, ஓட முடியாத எளிய இரை. நிபந்தனையின் காரணம் இப்போது விளங்கிற்று. அன்றிரவு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் இடப்பட்டன. ரைகர் சாக்கின் மேற் சுருண்டது. நள்ளிரவில் ஒருமுறை எழுந்து, கதவின் கீழ்ச் சந்தில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றுவிட்டு, குரைக்காமல் வந்து படுத்துக்கொண்டது. அது குரைத்திருந்தால் எனக்குக் கவலை குறைவாயிருந்திருக்கும்.

மறுநாட் காலை தம்பேத்தன்னைப் பக்கம் நடந்தோம். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களுள் இது ஒன்று. அவருடைய தேயிலைத் தொழிற்சாலையும் அவ்வாண்டைச் சேர்ந்ததே. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட உச்சிக்குப் போகிறது. இப்போது அங்கே அவருடைய உருவச்சிலை ஆசனமொன்றில் அமர்ந்திருக்கிறது. வருடப் பிறப்பு விடுமுறையாதலால் செடிகளிடையே கூடைகள் இல்லை. பச்சைக் கம்பளம் என்று இக்காட்சியை வருணிப்பது வழக்கம். கம்பளத்தை நெய்தவர் முதுகை எவரும் வருணிப்பதில்லை. என் மகன் பாதியில் களைத்து உட்கார்ந்தான். இந்த ஏற்றத்தைப் பலர் கொழுந்து மூட்டையுடன் ஏறி இறங்கியிருப்பதாக அவனுடைய தாய் சொல்லவே, எழுந்து நடந்தான்.

இத்தகைய இடங்களில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட ஆசை உண்டாகும். வேண்டாம். காட்டுப்பன்றிக்கென்று செடிகளின் ஓரத்திலே கம்பிச் சுருக்கு வைக்கும் வழக்கம் மலைநாட்டில் உண்டு. அதிற் சிக்குவது பன்றி மட்டுமன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியில் அரிதிலும் அரிதான கருஞ்சிறுத்தையொன்று அவ்வாறே சிக்கி, மருத்துவம் பலியாமல் இறந்தது. லயத்து நாய்கள் அப்பாதைகளை அறியும். பட்டணத்து நாய் அறியாது. அந்த லயத்து நாய்கள் ரைகரை வரவேற்ற முறையைப்பற்றி அதிகம் கூற விரும்பவில்லை. ஐந்து நாய்கள் வட்டமிட்டு நின்று விசாரணை நடத்தின. ரைகர் வாலை ஒடுக்கி, நிலத்திற் படுத்து, தான் ஒரு சாதாரண கொழும்புவாசி என்பதை ஒப்புக்கொண்டது. அவை விடுதலை அளித்தன.

அன்றிரவு வருடம் பிறந்தது. வெடியோசைக்கு எட்டாத இடம் என்று நாங்கள் எண்ணி வந்த மலையில், ஒவ்வொரு லயத்திலிருந்தும் வெடி எழுந்தது! எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை கேட்கும் ஓசை இங்கே எதிர்மலையில் மோதி இருமுறை கேட்டது. மகள் கட்டிலுக்கு அடியிலே ஊர்ந்து சென்று ரைகரைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பாற்சோறு கொண்டுவந்த அம்மையார் குனிந்து இருவரையும் பார்த்தார். “பயப்படாத பாப்பா. இன்னைக்கு ராத்திரி புலி இந்தப் பக்கமே தல காட்டாது. ஒன் நாய்க்கு வெடிதான் காவல்” என்றார். அதன்பின் மகள் சற்றுத் தேறினாள். ரைகருக்கு இந்த நியாயம் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் அதிசம் மாளிகைக்குச் சென்றோம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேய வர்த்தகர் 1931இல் கட்டிய கருங்கல் இல்லம் அது. 1960களின் தொடக்கம் முதல் புனித பெனடிக்ட் துறவிகளின் மடமாக விளங்குகிறது. துறவிகள் செய்து விற்கும் பழப்பாகு பிரசித்தமானது. மௌனத்தை நோன்பாகக் கொண்டவர்களின் வாசலுக்கு நாயைக் கொண்டுசெல்வது மரியாதையன்று என்பதால், நானும் ரைகரும் வானிலே தங்கினோம். அருகே தங்கமலைக் காடு. 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. பறவைகளின் குரல் வான் வரை வந்தது.

இனி, ஹோர்ட்டன் சமவெளி. தேசிய பூங்கா எதனுள்ளும் வளர்ப்பு நாயைக் கொண்டுசெல்லச் சட்டம் இடங்கொடாது. இதனை மகளுக்கு முன்பே கூறியிருந்தேன். “அவன் ஒருவரையும் கடிக்கமாட்டான், அப்பா. கயிற்றிலேயே வைத்திருப்பேன். பிறகென்ன?” என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். விடை தேடினால் ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்தார். வேட்டையில் வெறிகொண்டவர். மோப்ப நாய்களையும் விரைந்தோடும் நாய்களையும் கப்பலில் வருவித்து, இனங்கலந்து, பெரும் பட்டியொன்றை வளர்த்தார். ஸ்மட், கில்பக் என்று அவற்றுக்குப் பெயர்கள். அவற்றின் வீரதீரங்களைத் தாம் எழுதிய வேட்டை நூலில் மனிதரைப்பற்றி எழுதுவதுபோல எழுதியுள்ளார். சமவெளியின் மரைகளை இந்நாய்கள் துரத்தும். களைத்த மரை ஆற்றுக்குள் இறங்கித் திரும்பி நிற்கும். நாய்கள் சூழ்ந்து பற்றிக்கொள்ள, பேக்கர் நீருக்குள் இறங்கிக் கத்தியாற் குத்திக் கொல்வார். கொம்பிற் கிழிபட்டும் சிறுத்தைக்கு இரையாகியும் நாய்களும் மாண்டன. இன்று பூங்காவில் எல்லாரும் படமெடுத்துக்கொள்ளும் அழகிய நீர்வீழ்ச்சிக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. மரைகளின் நினைவாக எதற்கும் பெயரிடப்படவில்லை.

1873இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று தாவரவியலறிஞர் ஹூக்கர் கூறிய யோசனை ஏற்கப்பட்டதனாலேயே இச்சமவெளி கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாகாது தப்பியது. 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் சுரக்கும் இடம் இது. நாயின் மணம் பட்டாலே அங்குள்ள மான் மரைகள் கலங்கும். அதனிலும் பெரிது நோய். 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டிப் பூங்காவில் வளர்ப்பு நாய்களிடமிருந்து பரவிய கொள்ளைநோயால் மூன்றிலொரு பங்கு சிங்கங்கள் மடிந்தன. கயிற்றிற் கட்டிய நாய் கடிக்காமல் இருக்கலாம். அதன் மூச்சையும் எச்சிலையும் கயிற்றாற் கட்ட முடியாது.

இவ்வளவையும் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்படியென்றால் நான் போகவில்லை. அவனோடு நிற்கிறேன்” என்றாள். நான் நிற்பதாகச் சொன்னேன். மனைவி தான் நிற்பதாகச் சொன்னாள். அப்பொழுது மூலையிற் கதிரையில் அமர்ந்திருந்த மாமியார் வாய் திறந்தார். “எனக்கெண்டால் ஒன்பது கிலோ மீற்றர் நடக்க ஏலாது. நீங்கள் எல்லாரும் போங்கோ. நான் பார்க்கிறன்.” எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான்காம் நாள் விடியுமுன் பொரலந்தை, ஓகியா வழியாகச் சென்றோம். உலக முடிவைக் காண்பவர் காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்கவேண்டும். பிந்தினால் வெண்பனியைத்தான் காணலாம். வாயிலிற் பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது நல்ல விதி. உறைபனியில் வெளுத்த புல்வெளியில் மரையொன்று நின்று எங்களைப் பார்த்தது. மகன் மெல்ல எண்ணினான். அது இருபதுவரை அசையவில்லை. 800 மீற்றருக்கு மேற்பட்ட அந்த மாபெரும் வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கும்போது பேசத் தோன்றவில்லை. மகள் மட்டும் “ரைகர் இதைப் பார்த்திருந்தால் மயங்கியிருப்பான்” என்றாள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது, மாமியாரும் தோட்டத்து அம்மையாரும் குசினி வாசலில் அமர்ந்திருந்தார்கள். ரைகர் இருவருக்கும் நடுவே கிடந்தது. அதன்மேல் மாமியாரின் கம்பளிச் சால்வை. “வாய்விட்டுக் கேக்கத் தெரியாத சீவன், குளிரிலை நடுங்கினது” என்றார் அவர், கேட்கப்படாத கேள்விக்கு விடையாக. அன்றிரவு உணவின்பின், அம்மையார் பகலிற் சொன்ன கதையை எங்களுக்குக் கூறினார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், மலையகத்திலிருந்து 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் பங்கிடப்பட்டதை வாசகர் அறிவர். அப்பங்கீடு குடும்பங்களின் நடுவேயும் கோடு கிழித்தது. அம்மையார் பதினைந்து வயதுச் சிறுமியாய் இருந்தபோது, அவருடைய தந்தையார் இங்கே தங்க, சித்தப்பாவின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. பெட்டிகளும் பாத்திரங்களும் அரைக்கும் கல்லும் ஏறின. நாயை ஏற்றிச்செல்ல வழியில்லை. மணி என்று அதற்குப் பெயர். சித்தப்பாவின் மகன் அதைத் தூணிற் கட்டிவிட்டே வந்தான். கயிற்றை அறுத்துக்கொண்டு அது அப்புத்தளை நிலையம்வரை ஓடிவந்தது. தலைமன்னாருக்குச் செல்வோரை ஏற்றிய கோச்சி நகர்ந்தபோது, மேடையில் அழுதுகொண்டு நின்றவர்களின் கால்களினூடே புகுந்து, மேடையின் முடிவுவரை பெட்டியின் அருகே ஓடிற்று. பின்பு தண்டவாளத்தில் இறங்கி ஓடிற்று. இருட்டியபின் பாதம் கிழிந்து லயத்துக்குத் திரும்பி வந்தது. அம்மையாரின் வீட்டில் தங்கியது. அடுத்த மழைக்காலத்தில், ஓர் இரவு, சிறுத்தை அதைக் கொண்டுபோயிற்று.

சித்தப்பாவின் மகனிடமிருந்து கோத்தகிரியிலிருந்து கடிதம் வரும். நலம் கேட்கும் வரிகளில் முதல் வரியே மணியைப்பற்றியதாயிருக்கும். அம்மையாரின் தந்தையார், “மணி சௌக்கியம்” என்று எழுதச் சொல்வாராம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டில் அம்மையார் ஒருவரே. “ஆறு வருசம் சௌக்கியம்னே எழுதினேன், அம்மா. அப்புறம் கடுதாசி நின்னுபோச்சு. அவன் கேக்கறத நிறுத்தினானா, ஆளே இல்லாமப் போனானா, தெரியல்ல” என்று அவர் சொன்னாராம்.

மகள் எழுந்து சென்று கதவின் தாழ்ப்பாள்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாட் காலை விடைபெற்றோம். அம்மையார் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை மாமியாரின் கையிலும், வாழையிலையிற் சுற்றிய ரொட்டியொன்றை மகளின் கையிலும் கொடுத்தார். ரொட்டி யாருக்கென்று சொல்லவில்லை. பெரகலை நோக்கி இறங்குமுன், கடைவீதியில் வானை நிறுத்தச் சொன்னார் மாமியார். முழங்கால் வலியோடு தாமே இறங்கி, புகையிரத நிலையத்துக்குள் போனார். நாங்கள் வானிலேயே இருந்தோம். பத்து நிமிடங் கழித்துத் திரும்பி வந்து, முன்னாசனத்தில் ஏறாமல், பின்னாலே பேத்தியின் அருகில் அமர்ந்துகொண்டார்.

“நல்ல நீளமான மேடை” என்றார். வான் புறப்பட்டது.